முன்காலில் நான்கு விரல்தான்

தவளை வரையத் தொடங்குகிற எல்லோரும் ஒரு தடவையாவது முன்காலில் ஐந்து விரல் போட்டுவிடுவார்கள். நம் கையை மனதில் வைத்து வரைவதால் வரும் வினை. தவளைக்கும் தேரைக்கும் முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. பின்காலில் நான்காவது விரல்தான் மற்றதைவிட நீளம். ஓணானுக்கும் பல்லிக்கும் நான்கு காலிலும் ஐந்தைந்து. அங்கேயும் பின்காலின் நான்காவது விரல் நீண்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். பாதத்தை மனிதப் பாதம்போல ஒழுங்காக விரித்துவிட்டால் அது ஓணானாக இராது. பச்சோந்தி எதிலும் சேராது. ஐந்து விரலும் இரண்டு கட்டாக ஒட்டி இடுக்கிபோலக் கிளையைக் கவ்வும். முன்காலில் உள்பக்கக் கட்டில் மூன்று, வெளிப்பக்கத்தில் இரண்டு. பின்காலில் இது அப்படியே மாறி உள்ளே இரண்டு, வெளியே மூன்று.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் படித்தது பென்சிலுக்கு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. உயிருள்ளதைப் பார்த்து நாலு தடவை தப்பாக வரைந்த பிறகுதான் இறங்கும். ஆகவே வரைபலகையில் உட்காரும்முன் மழை இரவில் வெளியே போக வேண்டும்.

வால்பாறை, கூடலூர் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். சமவெளியில் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர். கோடை கழிந்து விழும் முதல் பெருமழையை மட்டும் எங்கே இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. வயலோரம் நிற்கும் புதுத் தண்ணீரில் இந்தியக் காளைத் தவளையின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும். கொஞ்ச நாளில் அந்த மஞ்சள் வடிந்து பழைய பச்சைப் பழுப்புக்குத் திரும்பிவிடும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த வருடம்தான்.

காப்புக்காட்டுக்குள் இரவில் அனுமதியில்லாமல் போக முடியாது. பழகுவதற்கு அது தேவையும் இல்லை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை, தெருவிளக்கின் அடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் தேரை, கிணற்றடி, வயல் வரப்பு, கல்குவாரிக் குட்டை என்று முதல் வருடப் பாடம் முழுவதும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வெள்ளை நுரைக்கட்டி ஒட்டியிருந்தால் அது சோப்பு நுரை இல்லை, மரத்தவளையின் முட்டைக்கூடு. கழுவிவிடாமல் வைத்தால் தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுவது முதல் வால் உள்வாங்குவது வரை வீட்டிலேயே உட்கார்ந்து வரையலாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழிதான் தேடும் முறையும். இடத்துக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நின்றுபோன கத்தல் மெதுவாகத் திரும்பும். பிறகு இரண்டு பேர் நாலைந்து அடி தள்ளி நின்று, அவரவர் காதுக்குத் தோன்றும் திசையில் ஒரே நேரத்தில் விளக்கடிக்க வேண்டும். இரண்டு ஒளியும் வெட்டும் புள்ளியைச் சுற்றித்தான் தவளை இருக்கும். ஒரே ஆளாகப் போனால் ஓரிடத்தில் திசை குறித்துவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி குறிக்கலாம். மலைப்பக்கப் புதர்த்தவளைகள் நகத்தளவே இருக்கும், குரலோ ஆளை ஏமாற்றும். இந்த முறை இல்லாமல் அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். ஓடையோரமாகவே தேடிக்கொண்டிருந்தால் தண்ணீரில்லாத சாலையோரப் புதரில் இருக்கும் இதைத் தவறவிடுவோம்.

விளக்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது சரியல்ல. 200 லூமென் தலைவிளக்கு போதும். அதைக் கண்மட்டத்தில் வைத்தால்தான் எதிரே உள்ள கண்ணின் பிரதிபலிப்பு நம் கண்ணுக்குத் திரும்பும். இடுப்பு உயரத்தில் பிடித்த டார்ச்சில் பாதி தெரியாது. புல்லில் வைரத்தூள் கொட்டியதுபோல நீலப்பச்சையாக மின்னினால் அது சிலந்தி. முதல் நாள் எல்லோரும் அதன் பின்னாலேயே குனிந்து குனிந்து போவார்கள். தவளையின் கண் மங்கலாக, கொஞ்சம் பெரிதாக ஒளிரும்.

கையில் கொசு மருந்து தடவியிருந்தால் தவளையை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அதன் தோல் மூச்சு விடுகிற தோல், பட்டதையெல்லாம் உறிஞ்சும். மருந்தில்லாத கையாலும் தொடத் தேவையில்லை. அட்டைக்காகக் காலுறையில் பூசிய உப்பும் புகையிலைத் தூளும் குட்டைத் தண்ணீரில் கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஓடையிலிருந்து வேறு மலைக்குப் போகும்முன் காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணம் செய்யும். கட்டையோ கல்லோ புரட்டாமல் இருப்பதே மேல். புரட்டிவிட்டால் இருந்த பள்ளத்திலேயே, இருந்த பக்கமே கீழே வரும்படி வைக்க வேண்டும். அடியில் இருக்கும் ஈரம்தான் அங்கே குடியிருப்பவற்றின் உயிர்.

பாம்பு விஷயத்தில் வீரம் வேண்டாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இரண்டு மீட்டர் இடைவெளி, கிளையைப் பிடிக்கும்முன் அந்தக் கிளையில் ஒரு பார்வை. மலைப்பாதையோரம் மலபார் குழிவிரியன் நம் கை உயரத்திலேயே சுருண்டு மணிக்கணக்காக அசையாமல் இருக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது. கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொடாமல் எப்படி அளப்பது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தவளை உட்கார்ந்திருக்கும் இலையோடு நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவளை தானாகப் போன பிறகு அந்த இலையின் அகலத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டால், வீட்டில் படத்தை வைத்து மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரையான நீளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். மில்லிமீட்டர் சுத்தமாக வராது. ஓவியத்துக்கு அது போதும். போன் கேமராவைத் தவளையின் முகத்துக்கு அருகே கொண்டுபோய் எடுத்த படத்தைப் பார்த்து மட்டும் வரைய வேண்டாம். அகலக் கோண லென்ஸ் மூக்கை ஊதிப் பெருக்கி, இடுப்பைச் சுருக்கிக் காட்டும். இணையத்தில் சுற்றும் பல தவளை ஓவியங்களின் பெருந்தலை இப்படி வந்ததுதான். கொஞ்சம் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் அளவு ஒழுங்காக வரும். பக்கவாட்டில் கண்மட்டம், நேர்மேல், நேர்முன் என மூன்று கோணம் போதும். ஃபிளாஷ் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். கத்திக்கொண்டிருந்தது நிறுத்திவிட்டால் நாம்தான் தொந்தரவு.

களத்தில் எழுதவேண்டிய குறிப்பு நான்கு வரிதான்: நேரம், வெப்பநிலை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது. மழையில் சாதாரண நோட்டு கூழாகிவிடும். வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் பாலியஸ்டர் ஃபிலிமை அட்டையில் ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப்போனால் நனைந்தாலும் பென்சில் எழுதும். HB போதும், 2B பென்சில் அதில் ஈஷிக்கொள்ளும்.

இனி வரைதல். தவளையின் பிடி கண்ணில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் தவளையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு தலையிலிருந்து ஏறிவந்து, பாதி தாண்டியதும் ஒரு முனையில் உடைந்து சரியும். அந்த முனைதான் நீண்ட இடுப்பெலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடம். அதை வளைவாக மழுப்பினால் தவளை பன் ரொட்டிமாதிரி ஆகிவிடும். முதலில் அந்த முனைக்கு ஒரு புள்ளி, மூக்குக்கு ஒரு புள்ளி, கழிவாய்க்கு ஒரு புள்ளி. மூன்றையும் நேர்க்கோட்டால் இணைத்துவிட்டு, பிறகு கண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அடுத்தது பின்கால். தொடை, கெண்டைக்கால், அதன்பின் பாதம் என்று இரண்டே மடிப்பாக நினைப்பதுதான் அடுத்த பெரிய பிழை. தவளைக்குக் கணுக்கால் எலும்புகள் இரண்டு நீண்டு, மூன்றாவது ஒரு துண்டாகவே இருக்கும். மடக்கிய கால் பக்கத்திலிருந்து பார்த்தால் தொடை முன்னே போய், கெண்டை பின்னே திரும்பி, கணுத்துண்டு மறுபடி முன்னே வந்து, அதன் நுனியில்தான் பாதம் விரியும். இந்த மூன்று துண்டும் சரியாக விழுந்தால் தோல் எப்படி இருந்தாலும் படம் குதிக்கத் தயாராக நிற்கும். தவளைகளுக்கு நம்மைப்போல விலாக்கூடு கிடையாது. அதனால் பக்கவாட்டில் விலா வரிகள் போடக் கூடாது. வயிறு பைபோலத் தரையில் பரவி உட்காரும்.

கண்மணியில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மரத்தவளைக்கும் தேரைக்கும் படுக்கைவாட்டு நீள்வட்டம். சிறுவாய்த் தவளைகளுக்கு வட்டம். வீட்டுப் பல்லிக்கும் விரியன்களுக்கும் நெட்டுக்குத்துக் கோடு. சாரைக்கும் நாகத்துக்கும் வட்டம். பச்சைப்பாம்புக்குச் சாவித்துளைபோலப் படுக்கைவாட்டு. கட்டுவிரியனின் கண் முழுக்கக் கருமை, மணியே பிரித்துத் தெரியாது. இவ்வளவும் மனப்பாடம் செய்துவிட்டு நிலா வெளிச்சத்தில் ஒரு விரியனை மெல்லிய கோட்டுக் கண்ணோடு வரைந்தால் அதுவும் தப்பு. இருட்டில் கண்மணி அகன்று ஏறக்குறைய உருண்டையாகிவிடும். கோடு பகலுக்கு உரியது.

ஓணான், அரணை வரையும்போது நடை முக்கியம். இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து முன்னே போகும். அப்போது வலப்பக்கத்தில் முன்காலும் பின்காலும் ஒன்றையொன்று நெருங்குவதால் உடல் அந்தப் பக்கம் குழிந்து, இடப்பக்கம் நீண்டு வளையும். காலை மட்டும் நகர்த்தி முதுகை நேராக விட்டால் பொம்மைக்குச் சாவி கொடுத்தமாதிரி இருக்கும். அரணை தீண்டினால் மரணம் என்பார்கள். அதற்கு விஷமே கிடையாது. அதன் செதில் எண்ணெய் தடவியதுபோல வழவழப்பானது. ஒளியைப் புள்ளி புள்ளியாக வைக்காமல் உடல் நெடுக ஒரே இழையாக விட வேண்டும். ஓணானுக்கு நேர்மாறு: ஒவ்வொரு செதிலிலும் நடுவே ஒரு மேடு, ஒளி அங்கங்கே சிதறும்.

பாம்பின் செதிலை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினால் கழுத்தைத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். முதலில் உருளை, அதைச் சுற்றி இரண்டு திசையிலும் சாய்கோடுகள். கோடுகள் வெட்டும் ஒவ்வொரு சாய்சதுரமும் ஒரு செதில். கோடு உருளையின் வளைவோடு வளைய வேண்டும், விளிம்பை நெருங்க நெருங்க நெருக்கமாக வேண்டும். எத்தனை கோடு என்பதற்கும் கணக்கு உண்டு. வயிற்றின் அகலச் செதிலை விட்டுவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை எண்ணினால் கட்டுவிரியனுக்கு நடு உடலில் 15 வரிசை, சாரைக்குப் பெரும்பாலும் 17, கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33. பக்கத்திலிருந்து பார்க்கும்போது இதில் ஏறக்குறைய பாதிதான் கண்ணில் படும். கட்டுவிரியனின் நடுமுதுகு வரிசை மட்டும் பெரிய அறுகோணமாக இருக்கும். அதைச் சின்னச் சாய்சதுரமாக வரைந்தால் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். எண்ணிப் பழகப் பாம்புச் சட்டை போல வேறில்லை. தோட்டத்தில் உரிந்து கிடந்தால் அங்கேயே விரித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: காலுறையைக் கழற்றியதுபோல அது உள்வெளியாகப் புரண்டிருக்கும், உரியும்போது இழுபட்டுப் பாம்பைவிட நீளமாகவும் இருக்கும். கண்ணின் மேல்மூடியும் கண்ணாடிக் கிண்ணமாக அதிலேயே ஒட்டியிருக்கும். பாம்புக்கு இமை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது?

கட்டுவிரியனையும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் குழப்பி வரைகிறார்கள். பட்டைகள் எங்கே தெளிவாக இருக்கின்றன என்று பார்த்தால் தீர்ந்தது. வரையனுக்குக் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வால் நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னே கொஞ்சம் வெற்றாக விட்டு, வால் நோக்கித் தெளிவாகும், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. இது ஓவியத்துக்கான குறிப்பு. கையில் எடுத்துப் பார்ப்பதற்கு அல்ல.

நாகம் விரிக்கும் படத்தில் கண்ணாடிக் குறி முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. நம்மை நோக்கிப் படமெடுத்து நிற்கும் நாகத்தின் முன்பக்கத்தில் அது தெரியாது. அங்கே கரும்பட்டையும் இரண்டு கரும்புள்ளியும்தான். நாக்கு நீட்டுவதற்கு வாயைத் திறக்கவும் வேண்டாம், மேலுதட்டின் நடுவில் அதற்கென்றே ஒரு சின்ன வழி உண்டு. அரசமரத்தடி நாகர் கல்லில் பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு பாம்பை, சாரையும் நாகமும் இணைவதாக ஊரில் சொல்வார்கள். வயல்வெளியில் அப்படி நிமிர்ந்து முறுக்கிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், மல்லுக்கட்டு நடக்கிறது. கல்தச்சர் அந்த முறுக்கை மட்டும் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார்.

வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் பூச்சிலேயே அலை அலையாகும். பச்சைத் தவளைக்கு டியூபில் உள்ள பச்சையை நேரடியாகப் பூச வேண்டாம். எலுமிச்சை மஞ்சளை முழுக்கப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் மிக நீர்த்த நீலத்தை மேலே ஓட்ட வேண்டும். அதன் தோலிலும் இந்த இரண்டும் சேர்ந்துதான் பச்சை, அடுக்கு மட்டும் தலைகீழ்: மேலே மஞ்சள் நிறமி, அடியிலிருந்து நீலம் சிதறும். பாட்டிலில் பதப்படுத்திய பச்சைத் தவளைகள் நாளாக நாளாக நீலமாவது மஞ்சள் கரைந்துபோவதால்தான். மழைக்காலத்தில் பூச்சு காய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து பாசி நிறமாகிவிடும். ஈரத்தைக் காட்டத் தாளின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைப்பது நல்லது, கடைசியில் வைக்கும் வெள்ளை கொஞ்சம் சுண்ணாம்பாகத்தான் தெரியும். தேரைக்கு அந்த மினுமினுப்பே வேண்டாம். அதன் தோல் வறண்டது, ஒளி கண்ணில் மட்டும்.

இதே கவனம் டிராகன் போன்ற கற்பனை உயிரிகளை வரைபவர்களுக்கும் உருவமாகச் செய்பவர்களுக்கும் வேண்டும். அவர்களுக்குச் சென்னை நல்ல ஊர். கிண்டி பாம்புப் பண்ணை 1972-இலும் வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இலும் தொடங்கியவை. முதலை மணிக்கணக்காக வாய் பிளந்து கிடக்கும், இவ்வளவு பொறுமையான மாடல் கிடைப்பது அரிது. தவளைக்கு நேர் எதிராக அதற்கு முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு விரல். நகம் ஒவ்வொரு காலிலும் உள்பக்க மூன்று விரலில் மட்டும். வாய் மூடியிருக்கும்போதும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். முகத்தில் இருப்பது வரிசையான செதில் இல்லை. வளரும்போது தோலில் தாறுமாறாக விழுந்த கோடுகள். காய்ந்த ஏரி மண்போல ஒழுங்கில்லாமல், இடதும் வலதும் பொருந்தாமல் வரைய வேண்டும். கணினியில் ஒரு பக்கம் வரைந்து மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கை வேண்டுமென்றால் நாலு காலுக்கு மேல் தோளில் இன்னொரு ஜோடியை ஒட்டாமல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணானைப் பாருங்கள். நீண்ட விலா எலும்புகள்தான் அதன் தோலிறக்கையை விரிக்கும் கம்பிகள். அது தோள்பட்டையிலிருந்து முளைத்ததல்ல.

இப்படிப்பட்ட கற்பனை உயிரியை உருவமாகச் செய்ய இரண்டு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி, அதன்மேல் கசக்கிய அலுமினியத் தாள், மேலே மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு எபாக்சி புட்டி. புட்டியின் இரண்டு பகுதியையும் சம அளவில் எடுத்து, ஒரு தடவைக்கு நெல்லிக்காய் அளவு மட்டும் கையுறையோடு பிசைய வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் பிசைந்தால் பாதி கையிலேயே இறுகும். செதிலுக்குக் குளிர்பான உறிஞ்சுகுழலைச் சாய்வாக வெட்டி, தண்ணீர் தொட்டு அழுத்தலாம். தனித்தனியாக ஒட்டுவதானால் ஓட்டுக்கூரை வேய்வதுபோல வால்பக்கம் தொடங்கித் தலை நோக்கி வர வேண்டும். தலையிலிருந்து தொடங்கினால் செதிலின் திறந்த விளிம்பு முன்னே பார்த்து நிற்கும். புல்லுக்குள் ஓர் அடி ஊர்ந்தாலே எல்லாம் மாட்டிக்கொள்ளும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற மடங்கும் இடங்களில் பொடிச் செதில், முதுகில் பெரிது. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். வண்ணம் பூசுவதற்குமுன் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள், மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது.